ஸ்லைடு வரவில்லை

முதல் தடவை அது நடந்தபோது மாலினிக்குச் சிரிப்புதான் வந்தது.

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆக்லாந்துக்கு வடமேற்கே, பைன் காடு தொடங்கும் இடத்திலிருந்த பிஸ்டல் கிளப்பில், தகரக் கூரையின் கீழே ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். எதிரே மண்மேடு. அதன் முன்னால் அட்டை இலக்குகள். சுடுகிறவர்களைக் கண்காணிக்கும் ரேஞ்ச் ஆபீசர் கிரஹாம் குரல் கொடுத்ததும் எல்லோரும் தோட்டா அடுக்கிய மேகஸினைச் செருகி, பிஸ்டலின் மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து விட்டார்கள். அந்த மேற்பாகத்துக்கு ஸ்லைடு என்று பெயர். அதை முழுக்க இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். வரிசை நெடுகச் சடக் சடக்கென்று சத்தம் கேட்டது. மாலினியின் பிஸ்டலிலிருந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்லைடு பாதி வந்து, அவள் இடது கை விரல்களிலிருந்து நழுவி, பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது.

பக்கத்தில் நின்ற சுந்தரி காதுக் கவசத்தைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, "கை வேர்த்திருக்கும் க்கா. தொடச்சுட்டு இழுங்க," என்றாள்.

மாலினி கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். இந்தத் தடவை வந்தது. அன்றைக்கு நன்றாகவே சுட்டாள். ஸ்லைடு நழுவியது வீட்டுக்குப் போகும் முன்பே மறந்துவிட்டது.

மாலினிக்கு நாற்பத்தொன்பது வயது. மலேசியாவில் கிள்ளான்காரி. கல்யாணமாகி, மகள் அபர்ணா கைக்குழந்தையாக இருந்தபோது கணவன் மகேசனோடு இங்கே வந்தவள். கிளென்ஃபீல்டில் வீடு. வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட் வேலை. நாள் முழுக்கக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் வலியையும் அவசரத்தையும் கேட்டுக்கொண்டிருப்பாள். கோயம்புத்தூர்க்காரியான சுந்தரி அவள் கடைக்கு மருந்து வாங்க வந்து பழக்கமானவள். கம்ப்யூட்டர் வேலை, துறுதுறுப்பான பெண். அவள்தான் ஒரு நாள் வேடிக்கை பார்க்கலாமென்று கிளப்புக்குக் கூட்டிப்போனாள்.

வேடிக்கை பார்க்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். இலக்கைப் பார்த்து மூச்சை நிறுத்துகிற அந்தச் சில நொடிகளில் தலைக்குள் ஒரு சத்தமும் இருப்பதில்லை என்று அவள் மகேசனிடம் சொன்னாள். அவனுக்கு அது புரியவில்லை. விதிப்படி ஆறு மாதம் கிளப்புக்குப் போய்வந்து, பிஸ்டல் வைத்துக்கொள்ள உரிமம் கேட்டபோது, வீட்டுக்கு வந்த அதிகாரி மகேசனையும் தனியாக உட்காரவைத்து விசாரித்தார். மனைவி வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பதில் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றான். அவர் போன பிறகு, "எங்க குடும்பத்துல ஒருத்தன் குருவி அடிக்கிற கவட்டை கூட பிடிச்சதில்ல லா," என்று சொல்லித் தலையில் கை வைத்துக்கொண்டான்.

துணி அலமாரிக்குள் சுவரோடு போல்ட் போட்டு ஓர் இரும்புப் பெட்டி வைத்தார்கள். உரிமம் உள்ளவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது, சாவி இருக்கும் இடமும் தெரியக் கூடாது என்பது சட்டம். மகேசன் அதை மதித்தான். சாவி எங்கே என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பழகுவதற்குக் கிளப்பில் கொடுத்த சின்ன ரவைப் பிஸ்டலின் ஸ்லைடு விரல் பட்டாலே வரும். சொந்தமாக வாங்கும்போது மாலினி தன் சிறிய கைக்குப் பொருந்துகிற கச்சிதமான ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தாள். "சின்னதாக இருக்கிறதென்று சாதுவாக நினைத்துவிடாதே," என்று கிரஹாம் அப்போதே சொல்லியிருந்தார். பிஸ்டல் சிறுக்கச் சிறுக்க உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முரடாகும். பிடித்து இழுக்க இடமும் குறையும். அப்படியும் இரண்டு வருடம் அவள் அதை ஒரு சிரமமும் இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள்.

மே மாதத்தில் ஸ்லைடு அடிக்கடி நழுவத் தொடங்கியது. கிளப்பில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாம் நல்ல யோசனைகள். விரல் நுனியால் கிள்ளிப் பிடிக்காதே, உள்ளங்கை முழுவதையும் மேலே போட்டு மூடிப் பிடி என்று கிரஹாம் காட்டினார். பிஸ்டலை நீட்டிவைத்துக்கொண்டு இழுக்காதே, நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவா. இடது கையால் இழுப்பதை விடு, அதை அசையாமல் வைத்துக்கொண்டு வலது கையால் பிஸ்டலை முன்னால் தள்ளு. எழுபதைத் தாண்டிய டிரிஷ் என்கிற அம்மாள் மாலினியின் முதுகில் தட்டி, "பெண்கள் எல்லோருக்கும் இந்தப் பாடு உண்டு. பலம் இல்லை, பழக்கம்தான் விஷயம்," என்றார்.

தள்ளும் முறை ஒரு மாதத்துக்கு உதவியது. மாலினி மகிழ்ந்துபோய் வீட்டில் மகேசனுக்குத் தோசைக்கரண்டியை வைத்துச் செய்துகாட்டினாள். பிறகு அதுவும் பலிக்கவில்லை. ஜூலையில் கிரஹாம் பிஸ்டலைப் பிரித்து ஸ்பிரிங்கை மாற்றி, மிருதுவானது ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். அதை வாங்கி இழுத்துப் பார்த்த சுந்தரி, "வெண்ணெய் மாதிரி வருது க்கா," என்றாள். மாலினிக்கு அது சில வாரம்தான் வெண்ணெயாக இருந்தது.

இங்கே அது குளிர்காலம். குளிர் என்று நினைத்தாள். வயது என்று நினைத்தாள். கடையில் மருந்துப் புட்டிகளின் மூடிகூட மக்கர் செய்தது. அழுத்தித் திருப்பவேண்டிய மூடிகளை உதவிப் பெண்ணிடம் நீட்டத் தொடங்கினாள். கைப்பலத்துக்காக ஒரு ரப்பர் பந்து வாங்கி, டிவி பார்க்கும்போதும் பஸ்ஸுக்காக நிற்கும்போதும் பிசைந்துகொண்டே இருந்தாள். பிசையப் பிசையக் கை தேறுவதற்குப் பதிலாகச் சோர்ந்தது. அவள் இன்னும் பிசைந்தாள்.

செப்டம்பரில் கிளப்பில் ஒரு போட்டி. மணி ஒலித்ததும் ஐந்து அட்டைகளை வரிசையாகச் சுடவேண்டும். இரவு மழை பெய்து மண்மேடு கருத்துக் கிடந்தது. மாலினியின் முறை வந்தபோது கிரஹாம் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். டிரிஷ் மதிப்பெண் அட்டையோடு இடது பக்கம் நின்றார். சுந்தரி சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கூரைக்குப் பின்னால் ரொட்டித் துண்டில் சாஸேஜ் சுற்றித் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஸ்லைடை எப்படியோ தள்ளி ஏற்றினாள். முதல் குண்டு அட்டையின் நடுவில் விழுந்தது. இரண்டாவதைச் சுட்டதும் பிஸ்டல் அவள் கையில் துவண்டு மேலே தூக்கியது. விழவேண்டிய வெற்றுத் தோட்டா வெளியே விழாமல் ஸ்லைடின் வாயில் குத்திட்டு நின்றது. பிடி தளர்வாக இருந்தால் இப்படி நேரும் என்று அவளுக்குத் தெரியும். செய்யவேண்டியதும் தெரியும். ஸ்லைடைப் பிடித்து ஒரே இழுப்பு இழுக்கவேண்டும்.

இழுத்தாள். அது அசையவில்லை. உள்ளங்கையால் மூடிப் பிடித்தாள். பிஸ்டலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தள்ளினாள். வலது கையும் சொன்னபடி கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வலு கிடைக்குமென்று உடம்பைத் திருப்பினாள். உடம்போடு பிஸ்டலும் திரும்பியது.

"நிறுத்து."

கிரஹாம் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. அவர் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து மண்மேட்டுப் பக்கம் தள்ளியது. மாலினி தலையை நிமிர்த்தினாள். குழல் திரும்பியிருந்த திசையில் டிரிஷ் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வெளிறிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

கிரஹாம் பிஸ்டலை வாங்கி, மேகஸினை எடுத்து, ஸ்லைடை இழுத்தார். வெற்றுத் தோட்டா கீழே விழுந்து உருண்டது. அவர் பெரிதாக முயன்றதாகவே தெரியவில்லை. விதிப்படி அன்றைய போட்டி அவளுக்கு முடிந்தது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். யாரும் குறை சொல்லவில்லை. டிரிஷ் அவளைக் கட்டிப்பிடித்து, "எனக்கும் ஒரு காலத்தில் நடந்திருக்கிறது," என்றார். அது பொய் என்று மாலினிக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் சுந்தரி கார் ஓட்டினாள். 

"நான் அவங்கள சுட்டிருப்பேன்," என்றாள் மாலினி.

"இல்ல க்கா. உங்க விரல் ட்ரிக்கர்ல இல்ல. நான் பாத்தேன்."

"நீ பாத்திருக்கலாம். என் விரல் எங்க இருந்துச்சின்னு எனக்கே ஞாபகம் இல்ல."

சுந்தரி வைப்பரைப் போட்டாள். மழை இல்லை. கண்ணாடி கிறீச்சிட்டது. மறுபடி அணைத்தாள்.

வீட்டில் மகேசன் விஷயத்தைக் கேட்டுவிட்டு டிவியை அணைத்தான். பிறகு, "நமக்கு வயசாவுது மாலினி. விட்டுடு லா. யோகா கிளாஸ் எதுக்காச்சும் போ," என்றான். உள்ளூர அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.

"வயசா? டிரிஷுக்கு எழுபத்தி மூணு. அவங்க இழுக்கிறாங்க."

"அவங்க வெள்ளக்காரங்க. சின்ன வயசிலேந்து மாடு கண்ணுன்னு வளந்த ஒடம்பு."

"அப்ப சுந்தரி? அவ கோயம்புத்தூர்ல மாடா மேச்சா?"

மாலினி ரப்பர் பந்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அக்டோபரில் தீபாவளி வந்தது. அபர்ணா பல்கலைக்கழகத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இருந்தும் முந்தின நாள் மாலை மருதாணிக் கோனோடு அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வருடத்தில் ஒரு தடவை அவளாகச் செய்கிற காரியம் அது. மாலினியின் இடது கையைத் தன் முட்டியின் மேல் வைத்துக்கொண்டு, புறங்கையில் ஒரு கொடியை இழுத்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வந்தபோது கோடு கோணிப்போனது.

"ஆடாதம்மா."

"நான் ஆடல."

அபர்ணா பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் கோணியது. அவள் கோனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். கை ஆடவில்லை. தோலுக்கு அடியில் ஏதோ துடித்தது. கொதிக்கப்போகும் பாலின் மேல்பரப்பைப் போல அந்த இடம் சின்னச் சின்னதாக அசைந்துகொண்டிருந்தது. அதோடு, சதை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். வலது கையையும் இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதில் பள்ளம் அவ்வளவு ஆழமில்லை.

இது எத்தனை நாளாக இருக்கிறது என்று அபர்ணா ஆங்கிலத்தில் கேட்டாள். மாலினி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேரின் கைகளில் மாத்திரையை வைத்துக் கொடுத்த கை. அதை அவள் ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை.

குடும்ப டாக்டர் ஒரு காகிதத்தை நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இடுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவர் மெல்ல இழுத்தார். காகிதம் அவர் கையோடு போய்விட்டது. கணினியில் தட்டினார். நரம்பு நிபுணரைப் பார்க்க அவசரமாக எழுதுகிறேன் என்றார். அந்த 'அவசரமாக' என்ற சொல்லை மாலினி வீட்டுக்கு வந்து மகேசனிடம் சொல்லவில்லை.

நிபுணர் கையிலும் தோளிலும் தொடையிலும் ஊசி குத்தி, தசைக்குள் மின்சாரம் ஓடுவதைப் பார்த்தார். முதுகெலும்பை ஸ்கேன் எடுத்தார்கள். வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று நினைக்கத்தக்க எல்லா நோய்களுக்கும் சோதித்தார்கள். அந்த நோய்கள் இல்லையென்று ஒவ்வொரு சோதனையும் நல்லபடியாக வந்தது. ஒவ்வொன்றாக நல்லபடியாக வரவர மாலினிக்குப் பயம் கூடியது. கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று அவள் ஏங்கினாள்.

டிசம்பர் நடுவில் மருத்துவமனைக்கு இருவரையும் வரச் சொன்னார்கள். சாய்வு நாற்காலிகள் போட்ட சின்ன அறை. மேசையில் டிஷ்யூப் பெட்டியைத் தயாராக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே மாலினிக்குத் தெரிந்துவிட்டது. மோட்டார் நியூரான் நோய் என்று நிபுணர் நிதானமாகச் சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. கையில் தொடங்கியிருக்கிறது. கையோடு நிற்காது.

"மருந்து இருக்கும்தானே?" என்று மகேசன் ஆங்கிலத்தில் கேட்டான்.

நோயைக் கொஞ்ச காலம் மெதுவாக்குகிற மாத்திரை ஒன்று இருப்பதாக நிபுணர் சொன்னார். அதன் பெயரை அவர் சொல்லும் முன்பே மாலினி சொன்னாள். கடையில் அந்த மாத்திரையை அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். லின்ஃபீல்டிலிருந்து மகள் வீட்டுக்குக் குடிவந்த ஒருவருக்காக அவர் மனைவி மாதாமாதம் வந்து வாங்கிக்கொண்டு போவார். பிறகு ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. அவருக்காக அலமாரியில் எடுத்துவைத்திருந்த மாத்திரைப் பெட்டியை மாலினிதான் திருப்பி அனுப்பினாள்.

மகேசன் நிபுணரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். மொழி தெரியாத ஊரில் வழி கேட்கிறவன் மாதிரி இருந்தான்.

அடுத்த வாரம் குடும்ப டாக்டரிடம் போனார்கள். அவர் மெதுவாகப் பேசினார். எந்தெந்த உதவிகள் கிடைக்கும், யாரைக் கூப்பிடவேண்டும் என்று விளக்கினார். தூக்கம் எப்படி, மனம் எப்படி என்று கேட்டார். கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, இல்லையா?" என்றார்.

"இருக்கிறது," என்றாள் மாலினி.

"அதைப் பற்றி நாம் பேசவேண்டும்."

"தெரியும். கொடுத்துவிடுகிறேன்."

காரில் திரும்பும்போது மகேசன், "டாக்டர் ஏன் துப்பாக்கிய பத்தி கேட்டாரு? கையில பலமில்லாம சுடக்கூடாதுன்னா?" என்றான்.

மாலினி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சாலையோரம் பொஹுடுகாவா மரங்கள் சிவப்பாகப் பூத்துக் கிடந்தன. "அதுவும்தான்," என்றாள்.

அடுத்த சிக்னலில் நின்றபோது அவனுக்குப் புரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் இறுகின. விளக்கு பச்சையானதும் பின்னால் ஹாரன் அடிக்கும் வரை அவன் நகரவில்லை.

"உனக்கு அந்த மாதிரி நெனப்பு எதுவும்..."

"நெனச்சாலும் ஸ்லைட இழுத்துக் கொடுக்க ஆள் வேணும் லா எனக்கு," என்று சொல்லி மாலினி சிரித்தாள்.

அவன் காரை ஓரமாக நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். சிறிது நேரத்துக்குப் பிறகு மாலினி, "சும்மா சொன்னேன். அந்த நெனப்பு இல்ல. பயம்தான் இருக்கு. பயத்துக்கு நடுவுல அதுக்கெல்லாம் எடமில்ல," என்றாள். அது உண்மை. ஆனால் சொன்ன பிறகு அந்த வார்த்தைகளால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பிஸ்டல் அன்றைக்கே போய்விடவேண்டும் என்றான் மகேசன். மாலினியும் சரி என்றாள். ஆனால் அது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், இங்கே கோடை விடுமுறைக் காலம். கிரஹாம் வடக்கே கடலோரம் எங்கோ கூடாரம் போட்டிருந்தார், போன் எடுபடவில்லை. பிஸ்டலைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்ன சுந்தரி கோயம்புத்தூரில் இருந்தாள். அனுமதி கொடுக்கும் அலுவலகம் விடுமுறை முடிந்துதான் திறக்கும். ஆயுத வியாபாரியின் கடை வாசலில் ஜனவரி நடுவில் சந்திப்போம் என்று பலகை தொங்கியது. ஊரே கடற்கரைக்குப் போயிருந்தது.

"போலீஸ கூப்புட்டா வந்து எடுத்துக்குவாங்க," என்றான் மகேசன்.

"போலீஸ் வண்டி வாசல்ல வந்து நிக்கணுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க பாக்கணுமா? சுந்தரி வரட்டும்."

அவன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பின்னால் அதை நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டான். அந்த ஒரு மாதமும் அவன் வீட்டில் இருந்தது வீட்டில் இருந்தது மாதிரி இல்லை. அவள் மாடிக்குப் போனால் சற்று நேரத்தில் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அவனும் போவான். அலமாரிக் கதவு கிறீச்சிட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவான். அவள் புடவை எடுத்துக்கொண்டிருப்பாள், அல்லது புடவையை எடுக்க முடியாமல் நின்றுகொண்டிருப்பாள். சாவி எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் அவளை நம்பவில்லை என்று ஆகும். கேட்காவிட்டால் தூக்கம் இல்லை.

மாலினிக்கு எல்லாம் தெரிந்தது. அவனைத் தேற்ற அவளால் முடியவில்லை. ஒரு நாள் காலை, பசியாற உட்கார்ந்தபோது, ரொட்டியில் வெண்ணெய் தடவும் கத்தி அவள் கையிலிருந்து விழுந்தது. அவன் குனிந்து எடுத்தான். எடுத்த கத்தியை அவளிடம் கொடுக்காமல் தானே தடவிக் கொடுத்தான். "இது ஒண்ணும் ஆபத்தில்ல, வெண்ணெய்க் கத்திதான்," என்றாள் அவள். அவன் சிரிக்க முயன்றான். முடியாமல் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டான்.

சுந்தரி ஜனவரி கடைசியில் வந்தாள். அனுமதி கைக்கு வந்த சனிக்கிழமை மத்தியானம், பூட்டுப் போட்ட பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளென்ஃபீல்டு வீட்டுக்கு வந்தாள். மாலினியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இரண்டு மாதத்தில் மாலினியின் தோள்கள் இறங்கியிருந்தன. பேச்சில் 'ர' வரும் இடங்களில் நாக்கு லேசாகத் தடுக்கியது. சுந்தரி அழமாட்டேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள். "ஊர்லருந்து முறுக்கு கொண்டாந்தேன் க்கா," என்று சொல்லிப் பையை மேசையில் வைத்தாள்.

மூவரும் மாடிக்குப் போனார்கள். மாலினி தையல் பெட்டிக்குள் நூல்கண்டுகளுக்கு அடியில் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். இரும்புப் பெட்டியின் துளையில் அதைச் செருக முடிந்தது. திருப்ப முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முயன்றாள். சாவியின் விளிம்பு தோலில் பதிந்து வெளுத்தது.

"கொடு, நான்..." என்று மகேசன் முன்னால் வந்தான்.

"நீங்க தொடக்கூடாது."

"இப்பவும் சட்டமா மாலினி?"

"இப்பவும்தான்," என்று சொல்லிவிட்டு அவள் ஒதுங்கி நின்று சுந்தரிக்குத் தலையசைத்தாள்.

சுந்தரி சாவியைத் திருப்பினாள். பிஸ்டலை எடுத்து, ஆளில்லாத சுவர்ப்பக்கம் குழலைக் காட்டி, மேகஸின் இல்லை என்று பார்த்தாள். குழல் காலியாக இருக்கிறதா என்று பார்க்க ஸ்லைடை இழுத்தாகவேண்டும். அவள் ஒரு கணம் தயங்கினாள்.

"இழு," என்றாள் மாலினி. "பாக்காம வாங்கக்கூடாது."

சுந்தரி இழுத்தாள். ஸ்லைடு ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் பின்னால் வந்து நின்றது. கிரஹாம் போட்ட மிருதுவான ஸ்பிரிங் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகூட இழுத்துவிடும்.

மகேசன் அந்தப் பொருளை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. இரண்டு வருடத்துக்கும் மேலாக அவன் வெறுத்த பொருள். ஒரு மாதமாக அவனைத் தூங்கவிடாத பொருள். சுந்தரியின் விரல்களில் அது அத்தனை சுலபமாகத் திறந்துகொண்டதைப் பார்த்ததும், அவன் அறையை விட்டு வெளியே போனான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வெகு நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"நீங்க கேட்டா எப்ப வேணும்னாலும் ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போறேன் க்கா," என்றாள் சுந்தரி, பெட்டியைப் பூட்டியபடி. "நான் லோட் பண்ணித் தர்றேன். கிரஹாம் கையப் புடிச்சுக்குவாரு. நீங்க சும்மா..."

"வேணாம்."

"ஒரே ஒரு தடவ."

"கையப் புடிச்சு சுடுறது நான் சுடுறதில்ல சுந்தரி. நீ நல்லா வச்சிக்க. எண்ணெ போடு. அது போதும்."

சுந்தரி காரில் ஏறிய பிறகுதான் அழுதாள். மாலினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஆட்டுவதற்குத் தூக்கினாள். கை இடுப்புக்கு மேல் வந்து, தோள் வரை போகாமல், இறங்கிவிட்டது. சுந்தரி அதைப் பார்க்காதவள் போலக் காரைப் பின்னுக்கு எடுத்தாள்.

பிஸ்டல் போய்விட்டது. போனால் நிம்மதி வரும் என்று மகேசன் நினைத்திருந்தான். வந்தது, ஒரு மணி நேரம் போல இருந்தது. அதற்குப் பிறகு நோய் மட்டும் மிஞ்சியது. இதுவரை அவன் காவல் காக்க ஒரு பெட்டி இருந்தது. இப்போது எதைக் காப்பது என்று தெரியவில்லை.

சாயங்காலமும் புழுக்கம் குறையவில்லை. மாலினி பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கூந்தல் அவிழ்ந்து கழுத்தில் ஒட்டியிருந்தது. மணிக்கட்டில் ரப்பர் பாண்ட் இருந்தது. இதுவரை அபர்ணா கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் அன்றைக்குப் பிளாட் புஷ்ஷில் தோழி வீட்டில் இருந்தாள்.

"ஏங்க," என்று கூப்பிட்டாள். "இத கொஞ்சம் கட்டிவிடுறீங்களா? கழுத்து எரியுது."

மகேசன் வந்து அவளுக்குப் பின்னால், மேல் படியில் உட்கார்ந்தான். இருபத்து மூன்று வருடக் கல்யாணத்தில் அவன் அவள் கூந்தலைக் கட்டியதில்லை. ரப்பர் பாண்டை அவள் மணிக்கட்டிலிருந்து உருவினான். முடியை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தான். பாண்டைப் போட ஒரு கையை எடுத்ததும் பாதி முடி சரிந்து விழுந்தது.

"எப்புடி இதப் போடுறது?"

"ஒரு கையால இறுக்கிப் புடிங்க. பாண்ட் மத்த கையில இருக்கணும். முடிய அதுக்குள்ள இழுத்து, திருகி, மறுபடி இழுங்க."

அவன் இழுத்தான். பாண்ட் எகிறிப் புல்தரையில் போய் விழுந்தது. எழுந்து போய்த் தேடி எடுத்துவந்தான். மறுபடி முடியைச் சேர்த்தான். இந்தத் தடவை ஒரு பக்கம் மட்டும் உள்ளே போனது. மறு பக்கம் அவள் காதோரம் தொங்கியது.

"வலிக்குதா?"

"இல்ல."

வலித்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். புல்வெட்டி நின்றுவிட்டது. அவன் பாண்டை உருவி, தொங்கிய முடியைச் சேர்த்து, மூன்றாம் முறை ஆரம்பித்தான்.